பேத்திக்கு வயிற்று வலி, பாட்டிக்குக் கால் வீக்கம், இரண்டுக்கும் ஒரே பெயர்: புரோஸ்டாகிளாண்டின் என்றால் என்ன?

முலுண்ட்காரி · செவ்வாய், இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். ஒரே வாரத்தில் இரண்டு டாக்டர்கள் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஒருவர் என் மகளைப் பார்த்தவர், இன்னொருவர் என் அம்மாவைப் பார்த்தவர். கேட்டுவிட்டு வந்ததிலிருந்து மனசு அதிலேயே சுற்றுகிறது.

மகளுக்குப் பதினேழு வயது. மும்பை மாட்டுங்காவில் காலேஜ். போன வாரம் நானும் அவளும் ஒன்றாகக் காலை லோக்கல் ரயிலில் போனோம். அவளுக்கு மாதவிடாயின் முதல் நாள். காஞ்சூர்மார்க் தாண்டும்போதே உதடு வெளுத்துவிட்டது. காட்கோபர் கூட்டத்திலும் ஒரு மராத்தி அம்மா எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் அப்படியே மடிந்து நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். கழுத்தெல்லாம் சில்லென்று வியர்வை. சயானில் இறங்கி பிளாட்பாரத்திலேயே வாந்தி எடுத்தாள். லேடி டாக்டர், "கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் அதிகம் சுரக்கிறது, அதைக் குறைக்க மாத்திரை தருகிறேன்" என்றார்.

அம்மாவுக்கு 71 வயது. செம்பூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். செட்டா நகர் முருகன் கோவில் படி ஏற முடியவில்லை என்று பல மாதங்களாக மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், எங்கள் யாருக்கும் சொல்லாமல். மூக்குக்கண்ணாடி உறைக்குள் கத்தரியால் வெட்டிய மாத்திரைப் பட்டைத் துண்டுகள் இருந்தன. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1, அதிகம். சிறுநீரக டாக்டர், "இந்த மாத்திரை புரோஸ்டாகிளாண்டினை நிறுத்திவிட்டது, சிறுநீரகத்துக்கு அது தேவை" என்றார்.

ஒருத்திக்கு அதிகமாகிப் போச்சு, இன்னொருத்திக்கு இல்லாமல் போச்சு. இது உடம்புக்கு நல்லதா கெட்டதா? என் மாமியார் வேறு, "நாங்கெல்லாம் பொறுத்துக்கலையா" என்கிறார். மகள் என்னிடம், "நிஜமா வலிக்குதும்மா, நடிக்கலை" என்றாள். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. தெரிந்தவர்கள் புரியும்படி சொல்லுங்கள்.

---

மாட்டுங்கா வாத்தியார் · செவ்வாய், இரவு 11.05

அம்மா, முதலில் உங்கள் மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவள் வலியை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1965-லேயே பிரிட்டனில் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் மாதவிடாய் ரத்தத்தில் புரோஸ்டாகிளாண்டின் இருப்பதைக் காட்டினார்கள். கடும் வலி உள்ள பெண்களிடம் அது கூடுதலாக இருப்பது அதன் பிறகு பல ஆய்வுகளில் உறுதியானது. அறுபது வருடமாகத் தெரிந்த விஷயம் இது. அந்தக் குழந்தை நடிக்கவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான் 31 வருடம் பார்மகாலஜி சொல்லிக்கொடுத்தவன். ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை ஆசையோடு எடுப்பேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வுக்குள்ளேயே அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 20 கார்பன் கொண்ட சங்கிலி அது. செல்லுக்கு அடிபட்டாலோ, கிருமி நுழைந்தாலோ, ஹார்மோன் உத்தரவு வந்தாலோ ஒரு நொதி அந்த அமிலத்தைச் சவ்விலிருந்து வெட்டி எடுக்கும். பிறகு காக்ஸ் என்ற இன்னொரு நொதி அதைப் பிடித்து வளைத்து, நடுவில் ஐந்து கார்பன் வளையம் உள்ள ஒரு பொருளாக மாற்றும். அங்கிருந்து அந்தந்தத் திசு தனக்கு வேண்டிய வகையைச் செய்துகொள்ளும். ஈ2, எஃப்2 ஆல்ஃபா, டி2, புரோஸ்டாசைக்ளின் என்று பெயர்கள். எல்லாம் ஒரே குடும்பம். திராம்பாக்ஸேன் அவற்றுக்குப் பங்காளி.

இன்சுலின் கணையத்தில் உருவாகி, அங்கேயே சேர்ந்து கிடந்து, தேவைப்படும்போது ரத்தத்தில் ஏறி ஊரெல்லாம் போகும். இது அப்படியில்லை. சேமிப்பே கிடையாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் செய்யப்பட்டு, பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டு மறைந்துவிடும். திராம்பாக்ஸேனின் ஆயுள் அரை நிமிடம்தான். ஈ2, எஃப்2 வகைகள் ரத்தத்தில் தப்பிப் போனாலும் நுரையீரலை ஒருமுறை கடக்கும்போதே பெரும்பகுதி சிதைந்துவிடும். சிவப்பணுவைத் தவிர உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லும் இதைச் செய்யும். அதனால் "நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த இடத்தில், எந்த வகை, எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாய்க்கு முன் புரொஜெஸ்ட்ரோன் இறங்கும். கருப்பையின் உள்வரி உரியும். அந்த செல்களிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் கொட்டும், எஃப்2 ஆல்ஃபா ஏராளமாக உருவாகும். அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழியும், ரத்தக் குழாயையும் சுருக்கும். ரத்தம் போகாத தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மாரடைப்பில் இதயத் தசை வலிப்பதற்கும் இதே காரணம்தான், ரத்தம் போகாததுதான். மிச்சம் கசிந்து பக்கத்துக் குடலையும் வயிற்றையும் தொடும். வாந்தி, பேதி, வியர்வை எல்லாம் அதனால் வருபவை. பிளாட்பாரத்தில் நடந்ததற்கு இதுதான் விளக்கம்.

நேரமாகிவிட்டது. சிறுநீரகம் பற்றி நாளை எழுதுகிறேன்.

---

தாராவி தமிழ் · புதன், காலை 7.18

சார், படிச்சு அழுகையே வந்துருச்சு. எங்க அக்கா பத்து வருஷம் இப்படியே கஷ்டப்பட்டாங்க. தொண்ணூறு அடி ரோட்டுல ஒரு டாக்டர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொல்லி அனுப்பிட்டார். அன்னைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒரு கேள்வி. புரோஸ்டேட்னா ஆம்பளைங்களுக்கு இருக்கிற சுரப்பிதானே? பொம்பளைங்க வலிக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சு?

---

மாட்டுங்கா வாத்தியார் · புதன், காலை 10.30

நல்ல கேள்வி தம்பி. பெயர் தவறாக வைக்கப்பட்டு, அப்படியே நிலைத்துவிட்டது.

1930-இல் நியூயார்க்கில் குர்ஸ்ராக், லீப் என்ற இரண்டு மருத்துவர்கள், விந்துத் திரவம் பட்டால் கருப்பைத் தசைத் துண்டு சுருங்குவதையும் தளர்வதையும் கவனித்தார்கள். சுவீடனில் ஊல்ஃப் ஃபான் ஆய்லர் அந்தத் திரவத்தில் இருப்பது தனி வேதிப்பொருள் என்று காட்டி, 1935-இல் பெயரும் வைத்தார். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது வந்தது விந்துப்பையிலிருந்து.

பிறகு அதே நாட்டில் சூனே பெர்யஸ்ட்ராம் ஆட்டின் சுரப்பிகளிலிருந்து துளித்துளியாகப் பிரித்தெடுத்து, 1950-களின் கடைசியில் படிகமாக்கினார். கிடைத்த அளவு மிகக் குறைவு. அவருடைய மாணவர் பெங்ட் சாமுவெல்சன், இது உடம்பில் எப்படி உருவாகிறது, எப்படிச் சிதைகிறது என்பதைத் தொடர்ந்து தேடினார். லண்டனில் ஜான் வேன் 1971-இல், ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். மூன்று பேருக்கும் 1982-இல் நோபல் பரிசு.

அந்த 1971-ஐ நான் வகுப்பில் எப்போதும் இரண்டு தரம் சொல்வேன். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899-இல். எழுபது வருடத்துக்கு மேல் உலகமே அதை விழுங்கியது. காய்ச்சல் ஏன் இறங்குகிறது, தலைவலி ஏன் போகிறது, வயிறு ஏன் புண்ணாகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்றுக்கும் ஒரே விடை என்று வேன் காட்டினார். வலியைத் தரும் கையும் வயிற்றைக் காக்கும் கையும் ஒன்று, மாத்திரை அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான்.

---

சயான் மெடிக்கல் · புதன், மதியம் 2.10

அக்கா என்று கூப்பிடலாமா தெரியவில்லை, முலுண்ட் அக்கா என்றே சொல்கிறேன். நான் மருந்துக் கடைக்காரன், ஃபார்மசி படித்தவன். உங்கள் அம்மாவின் கண்ணாடி உறையைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அப்படி வெட்டிக் கொடுக்கும் கத்தரி என் கல்லாப் பக்கத்திலும் இருக்கிறது.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் மூட்டை தூக்குபவர்கள், கட்டட வேலைக்காரர்கள் வருவார்கள். "பாய், தர்த் கா கோலி" (வலி மாத்திரை) என்பார்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நிமசுலைட், எல்லாமே காக்ஸை அடைக்கும் மாத்திரைகள்தான். சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போவார்கள். நான் இப்போது மூன்று கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை. பிரஷர் மாத்திரை உண்டா? வயிற்றில் புண் இருந்திருக்கிறதா? ஆஸ்துமா உண்டா? சண்டை போட்டவர்களும் உண்டு, திரும்பி வந்து நன்றி சொன்னவர்களும் உண்டு.

அக்கா, அம்மா என்ன பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்? அதில் நீர் போகிற மருந்தும் சேர்ந்திருக்கிறதா?

---

முலுண்ட்காரி · புதன், மதியம் 3.25

அக்கா என்றே சொல்லுங்கள் தம்பி. டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஆறு வருடமாக. இப்போது டாக்டர் மாற்றிவிட்டார்.

---

மாட்டுங்கா வாத்தியார் · புதன், மாலை 6.50

நினைத்தேன். சயான் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார்.

சிறுநீரகத்தில் வடிகட்டி ஒன்று இல்லை, இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு சின்னக் குழாய், வெளியே போக ஒரு சின்னக் குழாய். வடிகட்ட உள்ளே அழுத்தம் வேண்டும். உடம்பில் நீர் குறைந்தாலோ வயது ஏறினாலோ, உள்ளே வரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வெளியே போகும் குழாயை இறுக்கி அழுத்தத்தைப் பிடித்து வைப்பது ஆஞ்சியோடென்சின்.

உங்கள் அம்மாவுக்கு என்ன நடந்தது பாருங்கள். டெல்மிசார்டான் வெளிக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தியது. பிரஷருக்கு அது நல்லதுதான். நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைத்தது. அதுவும் தேவைதான். இந்த இரண்டையும் உள்குழாய் திறந்திருந்ததால் சிறுநீரகம் சமாளித்துக்கொண்டிருந்தது. வலி மாத்திரை வந்து அதையும் மூடிவிட்டது. கோடையில் தண்ணீர் குறைவாகக் குடித்த நாட்களில் இன்னும் மோசம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரண மாத்திரைகள். ஒன்று சேரும்போதுதான் ஆபத்து.

பயப்பட வேண்டாம். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறி வரும். குழாய் சுருங்கியதுதானே தவிர, வடிகட்டியே அழிந்துபோகவில்லை. டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் பாருங்கள். டாக்டரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதீர்கள்.

---

கெம்ப்ஸ் கார்னர் கண்ணன் · புதன், இரவு 9.15

டைக்ளோஃபெனாக் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் அலுவலக ஜன்னலிலிருந்து மலபார் ஹில்லில் பார்சிகளின் தூங்கர்வாடி மரங்கள் தெரியும். இறந்தவர் உடலைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது, முன்பெல்லாம் வானத்தில் கழுகு வட்டமிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

1990-களில் தொடங்கி இந்தியாவில் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சில இனங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் 2004-இல் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினது போலப் படிந்திருந்ததாம். 2006-இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மும்பையில் பார்சிகள் உடல்களை உலர்த்த, சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க வேண்டியதாயிற்று. ஒரு வலி மருந்து ஒரு சமூகத்தின் இறுதிச் சடங்கையே மாற்றியிருக்கிறது.

---

நைட் டூட்டி · வியாழன், அதிகாலை 4.40

நான் நர்ஸ். பச்சைக் குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம். இப்போது எல்லாக் குழந்தையும் தூங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

வாத்தியார் சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாங்கள் புரோஸ்டாகிளாண்டினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி உயிரைக் காப்பாற்றுகிறோம்.

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகிற ரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அதைத் திறந்து வைத்திருப்பது ஈ2. அதில் பெரும்பகுதி நஞ்சுக்கொடியில் உருவாகிறது. பிறந்ததும் நஞ்சுக்கொடி போய்விடுகிறது, நுரையீரலுக்கு ரத்தம் ஓடி மிச்சத்தையும் சிதைத்துவிடுகிறது. ஓரிரு நாளில் குழாய் மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் இப்படித்தான்.

ஆனால் சில குழந்தைகளுக்கு இதய அமைப்பிலேயே கோளாறு இருக்கும். அந்தக் குறுக்குக் குழாய் ஒன்றுதான் அவர்களுக்கு வழி. அது மூடினால் குழந்தை நீலம் பாரிக்கும். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு பெண் குழந்தை வந்தது. பிறந்து முப்பது மணி நேரம். நகக்கண் எல்லாம் நாவல்பழ நிறம். மானிட்டரில் ஆக்சிஜன் 58. அதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்து ஈ1 மருந்தைப் பம்பில் ஏற்றினோம். நான் பக்கத்திலேயே நின்றேன், ஏனென்றால் அந்த மருந்து குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடவும் கூடும். கண்ணை எடுக்க முடியாது. 61, 66, 70. முக்கால் மணி நேரத்தில் 80-ஐத் தொட்டது. உள்ளங்கால் சிவக்க ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை வரை நான்கு நாள் அந்தப் பம்பு நிற்கவே இல்லை.

அடுத்த தொட்டிலில் குறைமாதக் குழந்தை. அதற்கு அதே குழாய் மூட மாட்டேன் என்று திறந்தே கிடந்தது. அதற்கு ஐபுபுரோஃபென் கொடுத்து மூட வைத்தோம். ஒரே அறையில் இரண்டு தொட்டில், ஒன்றுக்கு அந்தப் பொருளைக் கொடுக்கிறோம், மற்றதில் தடுக்கிறோம். அக்கா கேட்ட கேள்வியை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

கர்ப்பிணிகள் யாராவது படித்தால் இதைக் கவனியுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென் போன்ற இந்த வகை வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். வயிற்றில் இருக்கும்போதே அந்தக் குழாய் மூடிவிடலாம், குழந்தையின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், பனிக்குடநீர் குறையலாம். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அது வேறு காரணத்துக்கு.

---

பன்வேல் பாலு · வியாழன், காலை 9.05

சிஸ்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் கைக்கு நன்றி.

என் மனைவிக்குப் பிரசவத்தில் வலி வரவில்லை என்று ஒரு ஜெல் வைத்தார்களே, அதுவும் இதுதானா?

---

நைட் டூட்டி · வியாழன், காலை 9.50

ஆமாம் அண்ணா. அது ஈ2 ஜெல். கருப்பை வாய் கெட்டியாக இருந்தால் குழந்தை வர முடியாது, அதை இளக்குவதற்கு வைப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் எஃப்2 வகை ஊசி போடுவோம், கருப்பை இறுகி ரத்தம் நிற்கும். முலுண்ட் அக்கா மகளை வாட்டும் அதே இறுக்கம்தான். அங்கே எத்தனையோ தாய்மார்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. டூட்டி முடிந்தது, தூங்கப் போகிறேன்.

---

செம்பூர் சித்தி · வியாழன், காலை 11.30

வணக்கம். எனக்கு 64 வயது. எல்லோரும் இங்கிலீஷ் மாத்திரை பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மா சுக்குக் கஷாயமும், அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பார். மஞ்சள் பால் கொடுப்பார். அதெல்லாம் வீணா?

---

மாட்டுங்கா வாத்தியார் · வியாழன், மதியம் 1.15

வீண் இல்லை அம்மா. ஒத்தடத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சூடு பட்டால் கருப்பைத் தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும். மாத்திரையோடு சேர்த்தே செய்யலாம். இஞ்சிப் பொடியும் மாதவிடாய் வலியைக் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அம்மா கெட்டிக்காரர்.

மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக் குழாயில் காக்ஸைக் குறைக்கிறது. ஆனால் வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். பால் குடியுங்கள், ருசியாக இருக்கும். அதை நம்பி ஒரு பெண்ணை வலியில் துடிக்க விடாதீர்கள்.

சாப்பாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மத்தி, அயிலை மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளில் ஒன்றும் 20 கார்பன் குடும்பம்தான். செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் அது போய் உட்காரும். அதிலிருந்து உருவாகிறவை அவ்வளவு முரட்டுத்தனம் காட்டாது. இங்கே மார்க்கெட்டில் பாங்டா என்று விற்பது அயிலைதான்.

---

பன்வேல் பாலு · வியாழன், மதியம் 1.40

சார், டோலோ 650-யும் இதே வகையா? எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அதுதான்.

---

சயான் மெடிக்கல் · வியாழன், மாலை 4.20

சார் ஓய்வெடுக்கட்டும், இதை நான் சொல்கிறேன். டோலோ, குரோசின் எல்லாம் பாராசிட்டமால். அது பெரும்பாலும் மூளைப் பக்கம் வேலை செய்கிறது. காய்ச்சல் எப்படி வருகிறது என்றால், கிருமி நுழைந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸில் ஈ2 உருவாகி, உடம்பின் வெப்ப அளவை மேலே திருப்பி வைக்கிறது. 98.6 இருக்கும்போதே மூளை "இது போதாது" என்று நினைக்கும். அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்கம் வருகிறது. பாராசிட்டமால் அதைக் குறைக்கும். வயிற்றையும் ரத்தத் தட்டணுவையும் ஏறக்குறைய தொடாது. வீக்கத்துக்குப் பெரிதாகப் பலன் தராது. அளவு மீறினால் கல்லீரல் போய்விடும். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்கள், தினமும் குடிப்பவர்கள் அதைவிடக் குறைவு.

மழை நெருங்குகிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தண்ணீர் தேங்கினால் அடுத்த வாரமே காய்ச்சல்காரர்கள் என் கடைக்கு வருவார்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென் வேண்டாம், ஐபுபுரோஃபென் கலந்த காம்பிஃபிளாம் வேண்டாம், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம். தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைய திராம்பாக்ஸேன் வேண்டும். டெங்குவில் தட்டணு ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். மிஞ்சியவற்றின் கையையும் இந்த மாத்திரைகள் கட்டிவிட்டால் உள்ளே ரத்தக் கசிவு.

---

தாராவி தமிழ் · வியாழன், இரவு 8.30

அப்போ எங்க அப்பா இதயத்துக்குத் தினமும் சாப்பிடற 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்? அதுவும் தட்டணுவைத்தானே அடக்குது?

---

மாட்டுங்கா வாத்தியார் · வெள்ளி, காலை 8.00

ஆமாம் தம்பி, அடக்குவதற்குத்தான் கொடுக்கிறார்கள். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது.

தட்டணு திராம்பாக்ஸேனைச் செய்யும். அது "ஒட்டு, குழாயைச் சுருக்கு" என்று சொல்லும். ரத்தக் குழாயின் உட்சுவர் புரோஸ்டாசைக்ளினைச் செய்யும். அது "ஒட்டாதே, விரி" என்று சொல்லும். ஒரே அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறந்த இரண்டு எதிரெதிர்ச் சேதிகள். இந்த இழுபறியில்தான் நம் ரத்தம் உறையாமலும் ஒழுகாமலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்ற வலி மாத்திரைகள் சில மணி நேரம் காக்ஸை அடைத்துவிட்டு விலகிவிடும். ஆஸ்பிரின் அதை நிரந்தரமாக முடக்கிவிடும். ரத்தக் குழாய்ச் சுவரின் செல்லுக்கு உட்கரு இருக்கிறது, அது புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. முடங்கினால் அதன் ஆயுள் முழுக்க, அதாவது எட்டுப் பத்து நாள், முடங்கியதுதான். அதனால் சின்ன அளவு ஆஸ்பிரின் தராசை "ஒட்டாதே" பக்கம் சாய்க்கிறது. அப்பாவுக்கு வயிறு எரிந்தாலோ மலம் கறுத்தாலோ உடனே சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும், அவராக நிறுத்தக் கூடாது.

இந்தத் தராசை மறந்ததால் பெரிய விபத்தே நடந்தது. காக்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வயிற்றையும் தட்டணுவையும் பார்த்துக்கொள்வது. இரண்டாம் வகை காயம், வீக்கத்தின்போது அதிகமாக எழுவது. இரண்டாவதை மட்டும் அடைத்தால் வயிறு தப்பிக்கும் என்று புது மாத்திரைகள் செய்தார்கள். வயிறு ஓரளவு தப்பியது. ஆனால் குழாய்ச் சுவரின் புரோஸ்டாசைக்ளின் இரண்டாவதை நம்பியிருந்தது. அது குறைந்தது, திராம்பாக்ஸேன் அப்படியே இருந்தது. மாரடைப்புகள் கூடின. ரோஃபெகாக்சிப் என்ற மருந்தை 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடம் பாடக் குறிப்பை நான் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன்.

---

முலுண்ட்காரி · வெள்ளி, இரவு 10.20

எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். நர்ஸ் சகோதரி எழுதியதைப் படிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "எனக்கும் அப்படித்தான் இருக்கும், யார்கிட்ட சொல்றது" என்றார். இருபது வருடத்தில் முதல் முறையாக இதைச் சொல்கிறார்.

மகளுக்கு மெஃபனாமிக் அமிலம் எழுதியிருக்கிறார்கள். எப்போது கொடுப்பது? வலி தாங்க முடியாமல் போனால்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

---

நைட் டூட்டி · சனி, அதிகாலை 5.15

அக்கா, காத்திருக்காதீர்கள். இதுவும் காக்ஸை அடைக்கும் மாத்திரைதான். புரோஸ்டாகிளாண்டின் புதிதாக உருவாவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே கொட்டியதைத் திரும்பப் பெறாது. முதல் இழுப்பு தெரிந்ததுமே, அல்லது ரத்தம் தெரிந்ததுமே, சாப்பிட்ட வயிற்றோடு கொடுங்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில், முதல் இரண்டு மூன்று நாள் மட்டும். உடம்பில் தடிப்பு, காய்ச்சல், முக வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். 2023 இறுதியில் இந்த மருந்தின் ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரிக்கை கொடுத்தது. அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

சரியாகக் கொடுத்தும் இரண்டு மூன்று மாதத்தில் வலி அடங்காவிட்டால், அல்லது மாதவிடாய் இல்லாத நாளிலும் வலித்தால், "இதுவும் புரோஸ்டாகிளாண்டின்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம். பார்த்தே ஆக வேண்டும்.

---

செம்பூர் சித்தி · சனி, காலை 10.00

எனக்குக் கண் அழுத்தத்துக்கு ராத்திரி ஒரு சொட்டு விடச் சொல்லியிருக்கிறார்கள், லட்டானோபுரோஸ்ட். பெயரில் புரோஸ்ட் இருக்கிறதே என்று இப்போதுதான் கவனித்தேன். இமை முடி வேறு நீளமாகிவிட்டது, பேத்தி கேட்கிறாள்.

---

மாட்டுங்கா வாத்தியார் · சனி, காலை 11.10

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. அது எஃப்2 ஆல்ஃபாவின் செயற்கை உறவு. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் வழியைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். இமை முடி நீள்வதும் அதனால்தான், பயம் இல்லை. ஒரு நாளும் விடாமல் போடுங்கள்.

---

முலுண்ட்காரி · நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டுவருவதற்கு மன்னியுங்கள், நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

அம்மாவுக்கு கிரியேட்டினின் 1.4-க்கு வந்திருக்கிறது. கணுக்காலில் குழி விழவில்லை. மூட்டுக்கு இப்போது பாராசிட்டமால், தொடைத் தசைக்குப் பயிற்சி, மேலே பூச ஒரு களிம்பு. இன்று காலை முருகன் கோவிலில் பாதிப் படி ஏறி, நடுவில் உட்கார்ந்து, மிச்சத்தையும் ஏறினார். கண்ணாடி உறையில் கண்ணாடி மட்டும்தான் இருக்கிறது, நானே திறந்து பார்த்தேன்.

மகளுக்குப் புதன்கிழமை ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கே இட்லி கொடுத்து மாத்திரையும் கொடுத்தேன். மாமியாரே வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். லோக்கலில் நின்றுகொண்டே போனாள், பிராக்டிகலும் எழுதினாள். இரண்டாம் நாள் மாலை மட்டும் வலது பக்கம் குத்தல் இருந்தது, மாத்திரைக்கு அது அடங்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். சோனோகிராபி எழுதியிருக்கிறார், வரும் சனிக்கிழமை போகிறோம்.